கஜேந்திரனுக்குப் புலம்ப இடமில்லை

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை. கொரட்டூரைத் தாண்டியதும் எங்கள் ரயில் நின்றுவிட்டது. சிக்னல் இல்லை. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... கால் மணி நேரம்.

தினமும் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும் — வண்டி நின்றால்தான் பேச்சு ஓடும். அன்றைக்கும் ஓடியது. எதிர் சீட்டில் சம்பந்தம். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். ப்ரமோஷன் லிஸ்ட்டில் மூன்றாவது தடவையாகத் தன் பெயர் விட்டுப்போன கதையைச் சொன்னார். ஜன்னலோரம் இருந்த ஜோசப், தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து ஆறு நாளாகிறது என்றார். நான் என் பங்குக்கு, வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் பத்திரிகை ஆசிரியர் நாலு வரியை வெட்டிவிட்டதைச் சொன்னேன். யாரும் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான், கதவோரம் நின்றிருந்த கஜேந்திரன் வாயைத் திறந்தார்.

"எனக்கும்தான் சார் ஒரு மாசமா தூக்கமே இல்ல. கண்ண மூடுனா..."

"உனக்கென்னப்பா!" பாதியிலேயே வெட்டினார் சம்பந்தம். "ஏசியப் போட்டுக்கினு படுத்தா ரொம்பக் குளுருதாக்கும்!"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கஜேந்திரனும் சிரித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

கஜேந்திரன் யாரென்று சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. பாரிவாக்கத்துக்காரர். பரம்பரையாக விவசாயக் குடும்பம். இவர் மட்டும் பிராட்வேயில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். வீட்டிலிருந்து ஆவடி வரை சைக்கிள், ஆவடியிலிருந்து ரயில். பதினைந்து வருஷம் எங்கள் பெட்டியில்தான் வந்தார். நான் அம்பத்தூரில் ஏறும்போது எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்.

அவருக்கு எங்கள் பெட்டியில் ஒரு தனி மவுசு உண்டு. காரணம், அவருடைய புலம்பல். மேனேஜர், மச்சான், கொசு, சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் — யாரையும் விட மாட்டார். "காத்தடிக்க பம்ப்பு கேட்டா, இன்னாத்துக்குன்றான் சார்! பின்ன இன்னா, காது கொடையவா கேக்கறேன்?" என்று ஆவடியில் ஆரம்பித்தால் பேசின் பிரிட்ஜ் வரை நிற்காது. அடுத்த வரிசையில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து நின்று கேட்பார்கள். சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பது எல்லாருக்கும் வராது. அவருக்கு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லிப் பக்கம் நெல் நட்ட இடத்திலெல்லாம் மனை பிரித்து வெள்ளைக் கல் நட ஆரம்பித்தார்கள் இல்லையா? கஜேந்திரன் பங்குக்கு வந்த நிலம் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. விற்றார். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெட்டியில் ஆளுக்கொரு தொகையைச் சொன்னார்கள், சத்தியம் பண்ணாத குறையாக.

வேலையை விட்டார். மாடி வைத்த வீடு, வெள்ளை நிறத்தில் கார், காருக்கு ஒரு டிரைவர். கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் பெட்டியே திரண்டு போனது. அவர் மனைவி கஸ்தூரி எங்களைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டினார். மூடினார். மறுபடி திறந்தார். "எப்ப தொறந்தாலும் வர்து சார்!" அதுவரை தெருக்கோடி அடிபம்ப்பில் குடம் குடமாக அடித்துச் சுமந்த கை அது. அந்த அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்தவன், பணம் சந்தோஷம் தராது என்று எந்தப் பத்திரிகையிலும் எழுத மாட்டான். நானும் எழுதப் போவதில்லை. அப்படி எழுதுகிறவர்கள் வீட்டில் ஓவர்ஹெட் டாங்க் இருக்கும்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

போன மாதம் திடீரென்று கஜேந்திரன் மறுபடி ரயிலில் ஏறினார். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். "டவுன்ல சின்ன வேல கீது சார்" என்றார். கார் என்னாயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றினார். நாங்களும் விட்டுவிட்டோம். பழைய ஆள் திரும்பி வந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் பழைய கச்சேரி நடக்கவில்லை. அவர் ஆரம்பிப்பார்... யாராவது முடித்துவிடுவார்கள். கத்திரிக்காய் விலை அநியாயம் என்று சொன்னால், "உங்களுக்கென்ன, தோட்டத்தையே வாங்கலாமே!" முழங்கால் வலி என்றால், "உனக்கென்னப்பா, காலை நீட்டிக்கினு ஊட்ல உக்காரு!" பையன் படிக்க மாட்டேன் என்கிறான் என்றால், "அவனுக்கென்ன, அவன் எதுக்குப் படிக்கணும்?"

கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. பாதிப் பொறாமை, பாதிப் பாராட்டு. நம் ஊரில் வசதி வந்தவர்களுக்கு நாம் தருகிற பட்டம் அது, 'உனக்கென்ன!' ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அந்த வார்த்தைக்குப் பிறகு எதிராளி மேற்கொண்டு ஒன்றும் பேச முடியாது. பேசினால் திமிர். பேசாவிட்டாலும் திமிர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சென்ட்ரலில் இறங்கியதும் கஜேந்திரன் என் பின்னாலேயே வந்தார். "ஒரு டீ சாப்டலாமா சார்?" எனக்கு ஏற்கெனவே லேட். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"கஸ்தூரிக்குக் கயுத்துல ஒரு கட்டி சார். மொதல்ல சாதாரணமாத்தான் நெனச்சோம். போவப் போவப் பெர்சாச்சு. டாக்டரு கொஞ்சம் வெட்டி எட்த்து டெஸ்ட்டுக்கு அனுப்சிகீறாரு. இத்தோட நாலு தபா வந்துட்டேன், இன்னும் வர்ல, இன்னும் வர்லன்றாங்க. இன்னிக்கு ரிசல்ட்டு கெட்ச்சிடும்னு சொல்லிகீறாங்க. அந்தக் கட்டியா இருந்தா..."

"கார்ல வந்திருக்கலாமே?" என்றேன். எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது அவ்வளவுதான்.

"கார்ல யாரு சார் கீறா? டிரைவரு ஊர்ப் பையன், சொன்னா சாயங்காலத்துக்குள்ள பாரிவாக்கம் பூரா தெரிஞ்சிடும். கஸ்தூரிக்கே நான் இன்னும் முழுசா சொல்லல. உங்க எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னுதான் சார் ரயில்ல வரேன். எங்க சொல்ல உட்றீங்க?"

இந்த மனிதர் ஒரு மாதமாகப் புலம்பிப் பார்த்தது கத்திரிக்காய்க்காக இல்லை. ஒவ்வொரு தடவையும் கத்திரிக்காயில் தொடங்கி இங்கே வந்து சேரப் பார்த்திருக்கிறார். நாங்கள்தான் வர விடவில்லை.

ஆறுதல் சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். அந்த அவசரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"கவலைப்படாதீங்க. நல்ல பெரிய ஆஸ்பத்திரியா பாத்துக்கலாம். பணத்துக்கு யோசிக்கிற நிலைமையா? உங்களுக்கென்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

கஜேந்திரன் டம்ளரை எடுத்தார். டீயை ஒரே மூச்சில் குடித்தார். "ஆமா சார். எனக்கின்னா?" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. ரிசல்ட் என்ன ஆனது? தெரியாது. அவர் வீட்டு போன் நம்பர் என் டைரியில் இருக்கிறது. இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத் வரை போய்த் திரும்பினேன். நல்ல செய்தியாக இல்லாவிட்டால் என்ன பேசுவது? வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வாரா வாரம் மனித மனத்தைப் பற்றி உங்களுக்கு எழுதிக் கிழிக்கிறவனுக்கு, ஒரு நண்பரிடம் பேச நாலு வார்த்தை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். "போன் எல்லாம் எதுக்கு? நேர்ல போங்க. வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடி போய் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். கையில் அரை டஜன் சாத்துக்குடி. அந்தப் பெரிய கேட்டுக்கு முன்னால் நின்றபோது, சாத்துக்குடிப் பை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

கஜேந்திரன்தான் கேட்டைத் திறந்தார். "வாங்க சார்." ஹாலில் உட்கார்ந்தோம். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

உள்ளேயிருந்து கஸ்தூரி காபியோடு வந்தார். கழுத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. "ஒண்ணும் இல்லையாம் சார். கெட்ட கட்டி இல்லைன்ட்டாங்க. அம்மாந் தொலைவு இருந்து வந்துகீறீங்க, சாப்ட்டுத்தான் போவணும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முயலவில்லை. "எப்ப தெரிஞ்சுது?" என்று கஜேந்திரனைக் கேட்டேன்.

"செவ்வாக்கெயமையே தெரிஞ்சிட்சி சார்."

"யாருக்கும் சொல்லலையா?"

"அழுவறதக் கேக்காதவங்ககிட்ட, சிரிக்கறத மட்டும் போய்ச் சொல்ல மனசு வர்ல சார்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கஜேந்திரன். தப்புதான்" என்றேன். அவர் சாத்துக்குடிப் பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

கஸ்தூரிதான் உதவிக்கு வந்தார். "எனுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்பறமும் இந்த ஆளு வாயே தொறக்கல சார். எதுனா சொல்லிப் பொலம்பிக்கினே இருக்கற மனுசன். இப்டி கம்முனு இருந்தா எனுக்குத்தான் பயமா கீது."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "ஆஸ்பத்திரியில என்னதான் நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க."

பிறகு மெதுவாக... "மொத நாளு டோக்கன் எட்க்கச் சொல்ல ஒரு கூத்து சார்..." என்று ஆரம்பித்தார். டோக்கன் கொடுத்தவன் தூக்கம். மாடிக்குப் போன லிஃப்டில் இருந்த ஸ்டூல். ரிசல்ட் எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு ஜன்னலாகக் கைகாட்டிய நாலு பேர். கல் மாதிரி கேன்டீன் இட்லி. "கட்டிய வெட்ட வெச்சிகீற கத்திய அந்த இட்லி மேல வெச்சிப் பாருங்கடான்னேன் சார்!" கஸ்தூரி கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பாடு நடந்தது. புலம்பல் நிற்கவில்லை. மூன்று மணி பஸ் போனது, நாலு மணி பஸ்ஸும் போனது.

கடைசியில் காரை எடுத்து அவரே ஓட்டிக்கொண்டு வந்து அம்பத்தூரில் விட்டார். வழியெல்லாம் அந்தக் காரைப் பற்றித்தான் புலம்பல். வானகரத்தில் ஒரு மெக்கானிக்காம், பிரேக்கைச் சரி பண்ணக் கொடுத்தால் ஹாரனைச் சரி பண்ணித் தருகிறானாம். வண்டியில் ஏசி ஜிலுஜிலுவென்று வந்துகொண்டிருந்தது. நான் வாங்கவே முடியாத கார். மூன்று தடவை அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. மூன்று தடவையும் விழுங்கினேன். மூன்றாவது தடவை ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பணமா, நடுத்தர வாழ்க்கையா — எதில் சந்தோஷம் அதிகம் என்று வாசகர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கார் நன்றாகத்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் வருவது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிரகப்பிரவேசத்துக்குத் திரண்டு போன எங்களில் ஒருவருக்கும், அந்த வீட்டில் ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்பது தெரியவில்லை. கையில் காசு வந்த மனிதருக்குக் கஷ்டம் வராது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

நடந்ததையெல்லாம் நான் பெட்டியில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். நேற்றுக் காலை கஜேந்திரன் ரயிலில் இருந்தார். எனக்கு இடம் போட்டிருந்தார். மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறார் — செகண்ட் கிளாஸ். கவுன்ட்டரில் முக்கால் மணி நேரம் நின்றாராம். முன்னால் நின்றவன், பின்னால் நின்றவன், உள்ளே உட்கார்ந்திருந்தவன், ஒருவரையும் பாக்கி வைக்காமல் புலம்பிக்கொண்டே வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ஆபீஸே இல்லாத மனிதருக்கு சீசன் டிக்கெட் எதற்கு என்று எங்கள் பெட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.