வால்வில் கட்டிய அட்டை

போன கிழமை பற்றரி தேடி என் மேசை லாச்சியைக் கிளறியபோது உங்கள் கையில் ஒரு கபில நிற அட்டை அகப்பட்டது. பயணப்பெட்டியில் கட்டுவது போன்றது. மூலையில் துளை, அதில் வெள்ளை நூல். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ஆங்கிலத்தில் என் எழுத்து: தண்ணீர் பூட்டியாயிற்று, பைப்புகள் திறந்தபடி இருக்கட்டும். பிறகு 2009 ஒக்டோபரில் ஒரு திகதி, என் பெயர். "இதென்னப்பா, குப்பையா?" என்று கேட்டீர்கள். நான் வெடுக்கென்று பறித்துவிட்டேன். உங்களோடு கோபம் இல்லை, பிள்ளைகளே. எனக்கு அதிகம் எழுத வராது. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் இடையில் நிறுத்திவிடுவேன்.

விம்பிள்டன் கோயிலில் கண்டால் உங்கள் கன்னத்தைத் தட்டும் பெரியப்பா, அப்போது எனக்கு முதலாளி. இரத்த உறவு இல்லை, ஆனாலும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜேர்மனியில் பிளம்பிங் படித்து, குடும்பத்தோடு இங்கே லண்டனுக்கு வந்து, சட்டன் பகுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். எனக்குக் கை வேலை முழுக்கப் பழக்கியவரும் அவர்தான். யுத்தம் முடிந்த அந்த வருடம் ஊரிலிருந்து ஒரு செய்தியும் வராத மாதங்களில், வேலைக்குப் போகும் வானை வீதி ஓரமாக நிறுத்திவிட்டு, தன்னுடைய போன் அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி எனக்காக நம்பர் அடித்தார். உங்கள் அப்பம்மா முகாமில் உயிரோடு இருக்கிறா என்று அறிந்த அன்று, என்னைவிட அதிகமாக அழுதவர் அவர். இதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனின் மேற்கு ஓரத்தில், தேம்ஸ் கரையில் ஒரு மரவீடு. வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கோடையில் அங்கே இருப்பார்கள். குளிர் தொடங்கினால் ஸ்பெயினுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போனபின் வீட்டைக் குளிருக்கு ஆயத்தம் செய்வது எங்கள் வேலை. மெயின் வால்வைப் பூட்டி, மேல்மாடியிலிருந்து கீழ்வரை எல்லா பைப்பின் திருகையும் திறந்துவிட வேண்டும். கூரைக்குள் இருக்கும் தொட்டி வடியும்போது, குழந்தை குளிர்பானத்தின் கடைசிச் சொட்டை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வரும். கக்கூஸ் தொட்டியில் மிஞ்சுவதைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுப்பேன். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் உறைந்து, விரிந்து, செம்புக் குழாயையே பிளந்துவிடும். அதனால் பைப்புகளைத் திறந்தபடியே விட்டுப் போவோம். நம் ஆட்களுக்கு இது லேசில் கை வராத காரியம். திறந்த பைப்பைக் கண்டால் சீதேவி போய்விடும் என்று மூடித்தான் பழக்கம்.

எல்லாம் முடிந்ததும் வால்வில் அட்டை கட்டுவேன். எதை எழுதினாலும் சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. அண்ணை பகிடி பண்ணுவார்: "டேய், பிள்ளையாரையும் பைப்புக்குக் காவல் வைச்சிட்டியோ? அவருக்கும் குளிருமடா, ஒரு ஜம்பர் போட்டுவிடு!"

அந்த வீட்டுத் திறப்பை, வாசல் சாவியை, கிழவி என் கையில்தான் தந்திருந்தா. "குளிர்காலம் முழுக்க இந்த வீடு உங்களுடையது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றா. நாலு பேரோடு ஓர் அறையில் படுத்தெழும்பிய எனக்கு, இந்த நாட்டில் ஒருவர் நம்பித் தந்த முதல் திறப்பு அது. கழுத்துச் சங்கிலியில் கோத்துத் திரிந்தேன்.

மார்கழியில் அண்ணை கேட்டார்: "ஆத்தங்கரை வீட்டுத் திறப்பைத் தாவன். என்ர ட்ரில்லை அங்க விட்டிட்டன்." கழற்றிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஏன் பத்து நாள் என்று நான் கேட்கவில்லை.

தையில் கடும் உறைபனி. அது இளகியபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவின் கீழால் தண்ணீர் வருவதைக் கண்டு ஸ்பெயினுக்கு போன் அடித்தார். கிழவி விமானம் ஏறி வந்தா. நாங்கள் போனபோது சாப்பாட்டறையின் கூரைத்தட்டு விழுந்து கிடந்தது. அவவின் கல்யாணப் படங்கள் மேசையில் ஊறி, முகங்கள் கரைந்திருந்தன. நான் வால்வுக்கு ஓடினேன். அது பூட்டித்தான் இருந்தது. அட்டையும் தொங்கியது. ஆனால் வீட்டு பைப்புகள் அத்தனையும் இறுக்கி மூடியிருந்தன. அட்டையில் என் பெயர் இருந்தது, சுழி இல்லை. எழுத்து அண்ணையுடையது.

"இதை மூடியது யார்?" என்று கிழவி மெதுவாகத்தான் கேட்டா.

அண்ணை ஆங்கிலத்தில், "இவர்தான். நான் வரவில்லை" என்றார். பிறகு அவவைப் பார்த்துச் சிரித்தபடி, தமிழில் என்னிடம், "ஓம் எண்டு சொல்லு. நீ ஒரு சொறி சொன்னா விட்டிடுவா. என்ர கொம்பனிப் பேர் போனா எங்கட எல்லாற்ற சோறும் போயிடும்" என்றார்.

நான் ஓம் என்றேன். சொறி என்று மன்னிப்பும் கேட்டேன். கிழவி ஒரு சொல்லும் ஏசவில்லை. கையை மட்டும் நீட்டினா. சங்கிலியிலிருந்து திறப்பைக் கழற்ற என் விரல்களுக்கு வெகு நேரம் பிடித்தது.

திரும்பும் வழியில் முகம் துடைக்கத் துணி தேடி வான் கதவுப் பைக்குள் கையை விட்டேன். என் அட்டை, சுழியோடு, அங்கே மடங்கிக் கிடந்தது. அண்ணை வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "மச்சான்ர குடும்பம் ஜேர்மனியிலயிருந்து வந்து நிண்டது. ஒரு கிழமைதானே. போகேக்க அதுகள் பைப்பு எல்லாத்தையும் வடிவாப் பூட்டிப்போட்டுப் போயிருக்குதுகள்."

"தொட்டியை வடிக்கேல்லையோ, அண்ணை?"

"நேரமில்லையடா. வால்வைப் பூட்டினாக் காணும் எண்டு நினைச்சன்."

"என்ர பேரை எழுத மட்டும் நேரம் இருந்ததோ?"

அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்தேன்; நீங்கள் கண்டெடுத்தது அதுதான். அடுத்த சிக்னலில் இறங்கி நடந்தேன். அதன்பிறகு அவரிடம் வேலைக்குப் போகவில்லை. கிழவியிடம் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. போன் அட்டை சுரண்டிய அந்தக் கை ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நின்றது. அவ இன்னும் இருக்கிறாவோ தெரியாது. இருந்தால், என்னை ஒரு கவனமில்லாத ஆளாகத்தான் நினைத்திருப்பா.

இப்போது பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் மேசையில் கிடக்கிறது. உச்சியில் பொன் எழுத்தில் சுழி போட்டிருக்கிறார்கள். அப்பா ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று அம்மாவை நச்சரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை உங்களுக்கு அக்கா. அம்மாவோடு போய் வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள். பெரியப்பா என்னைக் கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த அட்டையை அவர் கையில் கொடுங்கள். யாருடைய எழுத்து என்று அவருக்குத் தெரியும்.