மைத்துனன் கொண்டுவந்த கைத்துப்பாக்கி

முப்பது வருடங்களாக ஊராரின் பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்புச் சொல்லிவந்தவரிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. மைத்துனனோ, காயலான் கடையில் வாங்கிய தையல் மிஷினின் இழுப்பறையில், கருமருந்து கெட்டித்துச் சுடும் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்து வந்திருந்தான். குழல், உருளை, சட்டம் மூன்றிலும் ஒரே எண் இருந்தது. எதுவும் மாற்றப்படாத அசல். அவருக்கு வயிறு எரிந்தது.

"தேறுமா அத்தான்?"

"பார்க்கலாம்."

"ஒரே துருவா இருக்கே. உப்புத்தாளால தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடட்டா?"

காலப்போக்கில் இரும்பில் ஏறிய அந்தப் பழுப்பு போனால் பாதி மதிப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டுதான் இருந்தார். உப்புத்தாள் இரும்பை நெருங்கியதும் அவர் கை தானாக நீண்டு தாளைப் பிடுங்கியது.

"தொடாதடா, கழுதை!"

"ஏன் அத்தான், மட்டமான சரக்கா?"

"முதல் தரம்டா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்குப் போய்க் கிடைச்சிருக்கு பாரு!"