வாய் வைக்காத பாட்டில்

ஒரே மேசையில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று நல்லது, மற்றது கெட்டுப்போனது. எது எதுவென்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே கெட்டதை ஊற்றிக் குடிப்பீர்களா? மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நன்றாகப் படித்த, நாலு நாடு சுற்றி வந்த ஆறு பேர் அப்படிக் குடித்ததை வெண்ணிலா தன் கண்ணால் பார்த்தாள். சேலத்தில், பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது.

வெண்ணிலாவுக்கு வயது இருபத்தாறு. நாமகிரிப்பேட்டைக்காரி. அப்பா வீரன் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா குப்பாயி அதே மண்டியில் மஞ்சளைத் தரம் பிரிக்கிறாள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய் உட்கார்ந்தே மகளுக்கு மூக்கு பழகிவிட்டது. எந்த மூட்டை மழையில் நனைந்தது, எது உள்ளுக்குள் பூசணம் பிடித்தது என்பதைச் சாக்கைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். வியாபாரிகள் ஆச்சரியப்பட்டு, "இத மோந்து பாரு, அத மோந்து பாரு" என்று கூப்பிடுவார்கள். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் மட்டும் கையைக் குவிக்கச் சொல்லி, எட்ட நின்று தூக்கி ஊற்றுவார்கள்.

அதெல்லாம் மண்டியோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேட்டரிங் படித்தாள். பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்து, ஒயினைச் சுவைக்கவும் பரிமாறவும் கற்றுக்கொண்டாள். சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்றபோது வந்து சேர்ந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். அந்த ஆறாவது மாதத்தில்தான் இந்த விருந்து வந்தது. "இத மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடு. மறுநாளே ஆர்டர் உன் கையில" என்று மேனேஜர் காளிதாஸ் சொல்லியிருந்தார்.

மேசையில் ஆறு பேர். விருந்து வைத்தவர் குருமூர்த்தி. திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புகிறவர். மகள் தேவிப்ரியாவுக்குப் பிரான்சில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அந்த நாட்டு ஒயினே வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஓட்டலில் ஷாப்ளி என்கிற வெள்ளை ஒயின் மூன்று பாட்டில் இருந்தது.

"ஐஸ் போடு அம்மணி" என்றார் குருமூர்த்தி.

"வேண்டாமுங்க. ஐஸ் போட்டா வாசம் செத்துப்போயிருமுங்க. இந்தக் குளிர்ச்சியே போதுமுங்க."

"கேட்டியா மாப்ள? எனக்கே வெவரம் சொல்லுது புள்ள!" என்று பக்கத்தில் இருந்த மச்சானிடம் சொன்னார் குருமூர்த்தி.

வெண்ணிலா தக்கையைத் திருகி எடுத்து மோந்தாள். தன்னுடைய சின்னக் கிளாஸில் இரண்டு கரண்டி அளவுக்கு ஊற்றி, சுழற்றி, மறுபடி மோந்து, ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள்.

"நீ எதுக்கு மொதல்ல குடிக்கற? வெசம் கிசம் இருக்குதா?" என்றார் குருமூர்த்தியின் மச்சான் அர்த்தநாரி.

"கெட்டிருந்தா உங்க வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி என்ர வாயோட போயிரட்டும்னுதானுங்க. இதுதானுங்க என்ர வேல."

மேசையே சிரித்தது. அவள் ஒவ்வொரு கிளாஸிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினாள்.

"என்ன அம்மணி, இனிப்பே காணோம்? புளிக்குது."

"இனிப்பில்லாத ஒயினுங்க இது. மீன் வறுவலுக்கு எலுமிச்சம்பழம் புழியறோமில்லீங்க? அந்த வேலைய இது செய்யுமுங்க. மீன ஒரு வாய் தின்னுட்டுக் குடிச்சுப் பாருங்க."

மேட்டூர் அணை மீனைப் பிட்டுப் போட்டுக் குடித்த குருமூர்த்தியின் புருவம் ஏறியது. "அட, ஆமா!"

அர்த்தநாரியின் கை பள்ளிபாளையம் சிக்கனுக்குப் போனது. "அதுக்கு வேண்டாமுங்க. வரமொளகாக் காரத்தோட சேந்தா எரியும், நாக்குல கசப்புத்தான் நிக்குமுங்க." அவர் கேட்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார்.

"சொன்னாக் கேக்கோணும் மாமா" என்று தேவிப்ரியா கைதட்டிச் சிரித்தாள். "இந்த ஒயின் வர்ற ஊரு எப்படிங்க இருக்கும் அக்கா?"

"நான் எங்கீங்க பாத்தேன்? நம்ம சங்ககிரி மாதிரி சுண்ணாம்புக்கல் பூமின்னு படிச்சிருக்கறேன். போயிட்டு வந்து நீங்கதான் சொல்லோணும்."

முதல் பாட்டில் காலியானது. வெண்ணிலா பக்கத்து மேசையில் இரண்டாவதைத் திறந்தாள். கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. மழையில் நனைந்து பத்து நாள் மூலையில் கிடந்த சாக்கின் நாற்றம். தக்கையில் பிடித்த பூசணம் ஒயினுக்குள் இறங்கியிருந்தது. வாயில் வைக்காமலே ஒதுக்கினாள். "இது கெட்டுப்போச்சுங்க. வேற தாரேன்" என்று மூன்றாவதைத் திறந்தாள்.

"கெட்டிக்காரியா இருக்கற சாமி. எந்த ஊரு?" என்றார் அர்த்தநாரி.

"நாமகிரிப்பேட்டைங்க."

"அட, நம்ம மஞ்சளே அங்கதான் போகுது! யாரு ஊட்டுப் புள்ள?"

"அப்பா பேரு வீரனுங்க. மண்டியில மூட்டை தூக்கறாருங்க. புதுக்காலனியில ஊடு."

சொல்லிவிட்டு மூன்றாவது பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். நல்ல ஒயின். நிமிர்ந்தபோது பன்னிரண்டு கண்களும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிரிப்பு எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

அர்த்தநாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"அத வெச்சிட்டுத் தள்ளி நில்லு" என்றார் குருமூர்த்தி. காளிதாஸைக் கூப்பிட்டார். "கிளாஸெல்லாம் எடுத்துட்டுப் புதுசு வைங்க. வேற பாட்டில் கொண்டாங்க."

"மூணுதானுங்க சார் இருந்துச்சு."

"அங்க ஒதுக்கி வெச்சது?"

"அது பூசணம் புடிச்சதுங்க" என்றாள் வெண்ணிலா.

"அதுல வாய் வெச்சியா?"

"இல்லீங்க. மோந்தாலே தெரிஞ்சுதுங்க."

"அப்ப அத ஊத்துங்க மேனேஜர்."

காளிதாஸ் ஊற்றினார். பதினைந்து வருடம் ஓட்டல் தொழிலில் இருப்பவர். அந்த நாற்றம் என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊற்றினார். ஆறு பேரும் குடித்தார்கள். முகம் கோணியது, விழுங்கினார்கள்.

வெண்ணிலா மேசைக்கு அருகே வந்தாள். "ஏனுங்க, அது கெட்டதுங்க. சொல்ல வேண்டியது என்ர கடமைங்க."

"தெரியுது. நாத்தம் தெரியாத மூக்கா எங்களுது? பரவால்ல. நீ போ" என்றார் குருமூர்த்தி.

தெரிந்தே குடித்தார்கள்! ஒயின் பாட்டிலிலிருந்து கிளாஸுக்கு இறங்கும்; கிளாஸிலிருந்து பாட்டிலுக்கு ஏறாது. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவள் சுவைத்துக் கொடுத்த முதல் பாட்டில் அந்நேரம் அவர்கள் வயிற்றில்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பூமியை ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் எடுக்கத் தெரிந்த மூளை, ஓர் அப்பன் பேரைக் கேட்டதும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. இதற்குப் பெயர் சம்பிரதாயம் என்றால், பூசணத்துக்கும் அதே பெயரை வைக்கலாம்.

மறுநாள் காளிதாஸ் தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். ஒயின் பரிமாறுவது எனக்கு ஒத்துவரவில்லை, துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றித் தரும்படி நானே கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது.

"நீ நல்ல புள்ளதான். வந்தவங்க மனசு நோகக்கூடாதில்ல? கையெழுத்துப் போட்டுட்டு வேலையில இரு."

"நான் கேக்கலீங்களே சார்."

"கேட்ட மாதிரி இருக்கட்டும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் நடந்தது முழுவதையும் எழுதினாள். யார் என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள், எந்தப் பாட்டிலை யார் ஊற்றினார் என்று ஒன்றுவிடாமல் எழுதி, ஓட்டல் முதலாளிக்கு அனுப்பினாள். விசாரணை வைப்பதாகப் பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: சாட்சி யார்?

அன்று சாப்பாடு பரிமாறிய இருவரும் குடும்பம் இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சம் தேவிப்ரியா. விருந்தன்று படியிறங்கும்போது வெண்ணிலாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். வெண்ணிலா போன் செய்தாள்.

"கண்ணால பாத்தத எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. வேற எதும் வேண்டாம்."

தேவிப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ர படிப்பே நின்னுபோயிருங்க அக்கா. அடுத்த மாசம் நான் ஃப்ளைட் ஏறோணும்."

மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை. வெண்ணிலா தன் தாளோடு தனியாகத்தான் போகிறாள்.

அந்த மேசையில் நீங்கள் இல்லை, சரி. இதுபோன்ற மேசை உங்கள் ஊரில் கல்யாண மண்டபத்திலும் இருக்கிறது, ஆபீஸ் கேன்டீனிலும் இருக்கிறது. ஒருவர் பெயரைக் கேட்டபிறகு கிளாஸ் மாற்றப்படுவதைப் பார்த்தால் அங்கேயே ஏன் என்று சத்தமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போட்டு, அவமானப்பட்டவரின் கையில் கொடுங்கள்.