மைக் முன்னால் நான் மறைத்த ஒப்பரேசன்

முருகன் அடியார்களே, உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிற புஷ்பா. முதலில் குண்டு புஷ்பா என்றார்கள். பிறகு மெலிந்த புஷ்பா என்றார்கள். இப்போது என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. இந்த உடம்பு மறுபடியும் பருத்த கதையை நானே என் வாயால் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லாமல் விட்டதால் ஒரு மனுசி சாகக் கிடந்தார். அந்தப் பாவம் என்னுடையது.

ஏழு வருசத்துக்கு முன் நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. சீனி வியாதி, பிரஷர், முழங்கால் வலி. கடை மாடிக்கு ஏறினால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். ஒப்பரேசன் செய்துகொள்ளுங்கள் என்றார் டொக்டர். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடுவார்களாம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். உயிரோடு திரும்பி வந்தால் பால்குடம் எடுக்கிறேன், செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். கொழும்புக்குப் போனேன், நல்லபடியாகத் திரும்பி வந்தேன், பால்குடமும் எடுத்தேன். ஒரு வருசத்தில் நாற்பத்து நான்கு கிலோ இறங்கியது. சீனி மாத்திரையை டொக்டரே நிறுத்திவிட்டார்.

அதுவரைக்கும் நடந்ததெல்லாம் அவன் அருள். அதற்குப் பிறகு நடந்தது என் கெட்ட புத்தி.

ஒப்பரேசன் விசயம் என் கணவருக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் கொழும்பில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வெட்டித் தைத்து மெலிந்தவள் என்று பேசுவார்களே என்ற வெட்கம். அப்போது நம் மாதப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைவி அம்மா என்னை எழுப்பிவிட்டார். "புஷ்பா, எப்படி மெலிஞ்சீங்கன்னு நாலு பேருக்குச் சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் விரதம் புடிச்சேன். வாயக் கட்டினேன். வேலவன் கரைச்சிட்டான்" என்றேன்.

எல்லோரும் அரோகரா போட்டார்கள். அது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? விரதம் பிடித்தது உண்மை. வேலவன் காத்ததும் உண்மை. நடுவில் இருந்த கத்தியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் லெட்சுமி அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கனத்த உடம்பு, சீனி வியாதி, எனக்கிருந்த அதே முழங்கால் வலி.

"என்னா புள்ள, நெசமாவா? வெறும் வெரதத்துலயேவா?"

"ஆமாக்கா. மனசு வச்சாப் போதும்."

அந்த ஒரு பதிலை எண்ணி நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்!

நான்காம் வருசத்தில் என் எடை மெல்ல ஏறத் தொடங்கியது. தைத்த இரைப்பையில் சோறும் கறியும் கொஞ்சம்தான் கொள்ளும். ஆனால் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். விரத நாளில் பகல் முழுக்கப் பால் இல்லாமல் சீனி மட்டும் போட்ட பிளேன்டீ குடிப்பேன். பின்னேரம் கோயிலில் பிரசாதம். வீட்டுக்கும் ஒரு பார்சல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? சாமி சாப்பாடு உடம்பில் ஏறாது என்று சத்தியமாக நம்பினேன். அது ஏறியது. எழுபத்து நான்காக இருந்தவள் எண்பத்தைந்தானேன். பிறகு தொண்ணூற்றொன்பது.

கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். நான் எடை எழுதுகிற கிளினிக் கொப்பியை அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இவ்வளவு செய்தும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாயே என்று டொக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"போய்ட்டு வா புஷ்பா. அவங்க என்ன உன்னக் கடிச்சா திங்கப் போறாங்க?" என்பார் என் கணவர். நான் அவரோடு சண்டை பிடிப்பேன்.

கோயிலில் பெண்கள், "என்ன புஷ்பா, வெரதத்த விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்கள். தைரொயிட் என்று இன்னொரு பொய் சொன்னேன். திங்கட்கிழமையையும் சேர்த்து விரதத்தைக் கூட்டினேன். எடையும் கூடியது. முருகன் மேல் எனக்குக் கோபம் வந்தது. முன்பு குறைத்தாயே, இப்போது ஏன் கண்ணை மூடிக்கொண்டாய் என்று சன்னிதியில் நின்று சண்டை போட்டேன். பாருங்கள், ஊருக்குச் சொன்ன பொய்யை நானே நம்பும் அளவுக்கு வந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் நிற்கும்போது லெட்சுமி அக்காவின் மகள் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, அம்மா கோயிலுக்கு வர்ற வழியில பேராதனையில பஸ்ஸ விட்டு எறங்குறப்ப விழுந்துட்டாங்க. பேச்சு மூச்சு இல்ல. காலையில சீனி மாத்திரைய மட்டும் போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்காங்க. நீங்க சொன்ன வெரதந்தான்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சீனி அடிமட்டத்துக்கு இறங்கி அக்கா நினைவில்லாமல் கிடந்தார். இடுப்பெலும்பும் முறிந்திருந்தது. வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். வருசக்கணக்காக என் எடைக்காக மட்டும் வேண்டிய வாய் அன்றைக்குத்தான் வேறு ஒன்று கேட்டது. முருகா, என் உடம்பு குறைய வேண்டாம். இன்னும் நூறு கிலோ ஏறட்டும். அக்கா கண்ணைத் திறக்கட்டும். அதே மைக்கில், அதே ஆட்களுக்கு முன்னால், நான் உண்மையைச் சொல்கிறேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா கண்ணைத் திறந்தார். குளுக்கோஸ் ஏற்றியது டொக்டர்களும் நேர்ஸ்மாரும்தான். அவர்கள் கையில் இருந்தது முருகன். இனி நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

நாலு நாள் கழித்துக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒப்பரேசன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் டொக்டர்ட்ட கேட்டிருப்பேனே புள்ள."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரமே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். தராசில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அங்கே இருந்த நேர்ஸ் என்னை ஏசவில்லை. "இப்பிடித் திரும்பக் கூடுறது கன பேருக்கு நடக்குதும்மா. நீங்க வராம இருந்ததுதான் பிழை" என்றார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு இனிப்பைக் குடிப்பதுதான் என்னைக் கெடுத்தது என்று விளக்கினார்.

இப்போது நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் என் விரதம். முதலில் முட்டை, பருப்பு, மீன். பிறகுதான் ஒரு கரண்டி சோறு. பிளேன்டீயில் சீனி இல்லை. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி, ஒரு துளி வாயில் போட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன். சீனி மாத்திரை திரும்பவும் வந்துவிட்டது. அதில் மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. பழைய எழுபத்து நான்கை இனிப் பார்ப்பேனோ தெரியாது. போன நாட்களை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

தை மாதக் கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கி உண்மையைச் சொன்னேன். யாரும் அரோகரா போடவில்லை. சிலர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்காகவும் அன்றைக்கு வராதவர்களுக்காகவும்தான் இப்போது திரும்பச் சொல்கிறேன். வாசலில் செருப்பைப் போடும்போது கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, எனக்கும் அதே ஒப்பரேசன்தான். திரும்ப ஏறிருச்சு. வீட்டுல கூடச் சொல்லல" என்று அழுதாள். அடுத்த கிளினிக்குக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

உங்களில் யாருக்காவது அப்படி மறைத்து வைத்த விசயம் இருந்தால் என்னிடம் வாருங்கள். முருகனை நம்புங்கள். நம்பிக்கொண்டே கிளினிக்குக்கும் வாருங்கள், நான் கூட வருகிறேன். அவன் என்னைக் கைவிடவே இல்லை. நான்தான் அவன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

லெட்சுமி அக்கா இப்போதும் கூட்டத்துக்கு வருகிறார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. கொழுந்து மலைக்கு இனி அவரால் போக முடியாது. நாமெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும்போது தூணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கதிரை இருக்கும். இடுப்பு மடங்காததால் அவர் அதில்தான் உட்காருகிறார். முருகன் அருளுக்குச் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள், பேசத் தொடங்குவதற்கு முன் அந்தக் கதிரையை ஒரு தடவை பாருங்கள்.