தமிழய்யாவின் துருக்கி உருபுகள்

வில்லாபுரத்தில் முத்துக்கருப்பனை எல்லாரும் தமிழய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், துருக்கி இன மொழிகளில் வேற்றுமை உருபுகள் எப்படி மாறி வந்தன என்று பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்தார். கேட்கத்தான் ஆளில்லை. 1983இல் பசுமலையில் ஒரு கல்லூரி அவரைப் பேச அழைத்தது. அழைப்பு வந்த வாரமே பக்கவாதம். கை கால் தப்பின, பேச்சு போய்விட்டது.

பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் என்ற மிதப்பு எனக்கு. "ஆடு சொல்லுங்க, மாடு சொல்லுங்க" என்று தொடங்கினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நோய் முற்றிவிட்டது என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"நோயுமில்ல ஒண்ணுமில்லக்கா. ஒண்ணாப்புப் பாடம் நடத்துனா அவருக்குக் கோவம் வராதா? துருக்கியக் கேளுங்க" என்றார் தமிழய்யாவின் மனைவி செல்லத்தாய்.

அவருடைய குறிப்புகளை உரக்கப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒருநாள், பார்க்காமல் ஒப்பிக்கும் ஆசை வந்தது.

"பழைய துருக்கியில 'வீட்டில்'னா ஒரு உருபு, 'வீட்டிலிருந்து'ன்னா வேற உருபு. சரிதானேய்யா?"

"தப்பு!" குழறல்தான், ஆனால் முழுச் சொல். "ரெண்டுக்கும்... ஒண்ணுதான். 'தா'. 'தன்'... பெறகு வந்தது."

காலமெல்லாம் பிள்ளைகளைத் திருத்திய வாய், தப்பைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதன்பின் தப்பாகச் சொல்வதே என் வைத்தியம். அதற்கு நான் சிரமப்படவே இல்லை. சரியென்று நம்பிச் சொன்னதெல்லாம் தப்பாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து, அவருக்காகத் தள்ளி வைத்திருந்த பேச்சுக்குக் கல்லூரி மேடையில் ஏறி நின்றார். பேச்சு வரவில்லை. பையன்கள் செருமத் தொடங்கினார்கள். செல்லத்தாய் என் விலாவில் இடித்தார்.

"என்னத்தையாவது ஒளறுங்கக்கா!"

எழுந்தேன். "ஐயா, நம்ம 'கு' மாதிரி துருக்கியில ஒரு 'கா' இருக்கே, அது இப்ப வந்ததுதானே?"

"உக்காருங்கம்மா! அது அம்புட்டுப் பழசு. உஸ்பெக்குல இன்னும் இருக்கு. இஸ்தான்புல்லுலதான் 'க' தேஞ்சு வெறும் 'ஆ'வா நிக்குது."

அப்படியே பேச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை நிற்கவில்லை. முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஒண்ணுமே தெரியாம வந்து கேக்குதே, யாருங்க இந்தம்மா?" என்றது என் காதில் விழுந்தது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. அப்படியும், கூட்டத்தில் நான் கேட்ட அந்த ஒரு தப்பை வைத்தே வில்லாபுரம் வரை என்னைத் திருத்திக்கொண்டு வந்தார்.