இன்னும் அறுநூறு மீட்டர்

லாக்லன் முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, ஒரு பிள்ளையையும் வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை. அதற்காக ஊரில் யாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஒழுங்காக இருப்பதற்கெல்லாம் கைதட்ட மாட்டார்கள். ஆனால் மலை விஷயத்தில் லாக்லன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்த நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேலே இருநூற்று எண்பத்திரண்டு மலைகள். எல்லாவற்றின் உச்சியையும் தொட்டு முடிப்பது அங்கே பலருக்கு ஒரு பைத்தியம். லாக்லனுக்கும் மனைவி இஷ்பலுக்கும் கல்யாணமான வருடமே அது பிடித்துவிட்டது. சரிபார்க்க ஆள் கிடையாது. தொட்டேன் என்று சொன்னால் தொட்டதுதான். அதனாலேயே இதில் பொய் சொல்பவனை நாய்கூட மதிக்காது. ஒருமுறை மூடுபனியில் தொட்டது உச்சிதானா என்று இஷ்பலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து மணி நேரம் காரோட்டி வீடு திரும்பிய இருவரும் அடுத்த வாரமே மறுபடி போய் ஏறினார்கள்.

இருநூற்று எண்பத்தொன்று முடிந்தது. கடைசி மலையான பென் ஆர்கல் வீட்டுக்கு நேர் எதிரே நின்றது. அதை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தார்கள். கடைசி மலைக்கு நண்பர்களையெல்லாம் கூட்டிப்போய் உச்சியில் விஸ்கி ஊற்றிக் கொண்டாடுவது வழக்கம். வருகிற கோடையில் போவதாக ஏற்பாடு. அதற்குள் இஷ்பலின் நுரையீரலில் புற்று வந்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரியில் அவளால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை.

"நீ மட்டும் போயிட்டு வா," என்றாள்.

"நீ இல்லாம என்னத்துக்கு?"

"கோடைக்கு நான் இருக்க மாட்டேன் கிழவா. என் பங்கையும் சேர்த்து நீயே தொட்டுட்டு வா."

"வானிலை கேட்டியா? மேல காத்து ஆளையே தூக்கிடும்."

"மத்தியானம் வரைக்கும் தாங்கும்னுதானே சொல்றான். சாக்குச் சொல்லாத, கிளம்பு."

மறுநாள் காலை தாதி ரோனா வந்து அவளருகில் உட்கார்ந்த பிறகு லாக்லன் கிளம்பினார்.

வானிலைக்காரன் சொன்ன மத்தியானம் பத்து மணிக்கே வந்துவிட்டது. காற்று பனியை வாரி வாரி முகத்தில் அடித்தது. கண்ணாடி உறைந்துபோனது, கழற்றினால் கண்ணில் ஊசி ஊசியாகக் குத்தியது. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. திசைகாட்டியைப் பார்ப்பதும் அடிகளை எண்ணுவதுமாக, வலிக்கிற முட்டியை இழுத்துக்கொண்டு ஏறினார். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கையில் கற்குவியல் தட்டுப்பட்டது.

பென் ஆர்கலில் கற்குவியல்கள் இரண்டு. முதலாவது உச்சி இல்லை. உச்சி அங்கிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி, ஒடுங்கிய முகட்டின் மறுகோடியில் இருக்கிறது. புதிதாக வருபவன் முதலாவதைத் தொட்டுவிட்டுச் சந்தோஷமாக இறங்கிவிடுவான். லாக்லனுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அந்த மலையின் வரைபடம் அவருக்கு மனப்பாடம்.

முகட்டில் நாலு அடி வைத்ததும் காற்று அவரைக் கீழே தள்ளியது. எழுந்தார், மறுபடி தள்ளியது. பிறகு தவழ்ந்தார். நாற்பது அடி தூரம் போயிருப்பார். ஊன்றிய பனிக்கோடாலி பனியைத் துளைத்துக்கொண்டு வெறும் காற்றுக்குள் இறங்கியது. பாறையைத் தாண்டி, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பனியின்மேல் படுத்திருந்தார் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தார்.

"முடியலடி இஷ்பல்!" என்று கத்தினார். அது அவர் காதுக்கே கேட்கவில்லை. கற்குவியலின் மறைவில் உட்கார்ந்து அழுதார். அறுபத்தெட்டு வயதில் அப்படி அழுதவரை யாரும் பார்க்கவில்லை, அந்த மட்டில் நல்லது.

நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தலையணையில் சாய்ந்தபடி அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டியா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்தார்.

"தொட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியல. ஒரே வெள்ளை."

இஷ்பல் சிரித்தாள். "கடைசிலயும் நமக்கு இந்த அதிர்ஷ்டந்தானா!" மலைகளின் பட்டியலை வாங்கி, பென் ஆர்கலுக்கு நேரே தேதியை எழுதினாள். இரண்டு பேருக்கும்.

அன்று மாலை சூப்பை வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். லாக்லன் கரண்டியோடு கெஞ்சினார்.

"போதும்ப்பா. இதுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இனிமே முடியாது. விட்டுடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. இத்தனை நிம்மதியாக அவள் படுத்து மாதக்கணக்காகிவிட்டது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை இஷ்பல் போய்விட்டாள்.

கட்டில் விரிப்பை உருவிக்கொண்டே ரோனா சொன்னாள்: "நெஞ்சழுத்தக்காரி. உடம்பைப் பார்த்தா இன்னும் ஒரு மாசம் ஓடியிருக்கும். ‘அவன் அந்த மலையை முடிக்காம நான் போக மாட்டேன்'னு தினமும் சொல்லுவாங்க. நல்லவேளை, நீங்க முடிச்சுட்டீங்க."

அடக்கத்துக்கு மலைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆறுதல் சொன்ன கையோடு, இருநூற்று எண்பத்திரண்டையும் முடித்ததற்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் நன்றி சொன்னார். அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால், இன்று காலை அவள் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று திட்டியிருப்பாள்.