‘ஃபெல்லோ’ என்ற ஒரு வார்த்தை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ராமய்யர் மாமா இருந்தவரை, கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். இப்போது அவர் இல்லை. பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உலகச் சண்டை முடிந்த சமயம். மாட்டுங்காவில் சாயப் படிப்பு சொல்லிக்கொடுக்கிற ஒரு கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். படித்தது ஆறாங்கிளாஸ். கண்ணாடிச் சாமான் கழுவுவதும் சாயத் தொட்டிக்கு வெந்நீர் போடுவதும் என் வேலை. நீலத் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கினால் மஞ்சள்பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மழைநாளில் ஆவிக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் சுலோகம் தானாக வாயில் வரும். வேலை செய்கிறோமா, கனவு காண்கிறோமா என்றே தெரியாது.

மாமாவின் பிள்ளை விசு அங்கேதான் படித்து முடித்தான். வெயிலில் வெளுக்காத சாயத்துக்கு ஆராய்ச்சி பண்ண, ஒரு பையனுக்கு இரண்டு வருஷம் பணம் தருவதாக ஒரு மில் சொல்லியிருந்தது. புரொபசர் விசுவைக் காட்டினார். மாமாவோ தான் கிளார்க்காக இருந்த துறைமுகக் கிடங்கிலேயே அவனுக்கு வேலை பேசிவிட்டார். “ஒருதரம் வந்து பாருங்கோப்பா, அப்புறம் சொல்லுங்கோ” என்று விசு கெஞ்சி அழைத்துவந்தான்.

கல்லூரிக்கு வந்திருந்த மில் மேனேஜர் பார்சிக்காரர். எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்தார்.

“மிஸ்டர் ஐயர், ஃப்ரம் டுடே யுவர் சன் இஸ் அவர் ஃபெல்லோ.”

மாமா கையை உருவிக்கொண்டார். “வாடா, போகலாம்.”

வராந்தாவில் விசு மறித்தான். “என்னாச்சுப்பா?”

“இத்தனை வருஷமா கிடங்குத் துரை என்னை ‘யூ ஃபெல்லோ’ன்னுதாண்டா கூப்பிடறான். வயத்துக்காகக் கேட்டுண்டேன். படிச்ச பிள்ளையை இவன் முதல் நாளே சொல்றான். வசவுதான் கேக்கணும்னா கிடங்குலேயே கேக்கட்டும், அதாவது எனக்குப் பழகினது.”

“இது வசவு இல்லேப்பா. ஆராய்ச்சி பண்றவாளுக்கு அதான் பேரு.”

“வசவைக் கொண்டுபோய் எவன்டா பேரா வைப்பான்?” என்னைப் பார்த்தார். “மணி, நீ சொல்லு. என்ன அர்த்தம்?”

எனக்குத் தெரிந்ததும் அந்த வசவுதான்.

சத்தம் கேட்டுப் புரொபசர் வந்தார். மராட்டிக்காரர். விசு சொன்னதைக் கேட்டுவிட்டு மாமாவைக் கும்பிட்டார். “பண்டித்ஜி, மை பி ஃபெல்லோ தா. விலாயத் மே.” சீமையில் அவரும் ஃபெல்லோவாக இருந்தவராம்.

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பாவம், உம்மையும் சொன்னானா?” என்றார், தமிழிலேயே.

விசு சிரித்துவிட்டான். புரொபசருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார். “இவரே சந்தோஷமாச் சொல்லிக்கறார்னா வசவா இருக்காது” என்று மாமா முணுமுணுத்தார். பிறகு உள்ளே போய், தானாகவே மேனேஜரிடம் கையை நீட்டினார்.

அன்று சாயங்காலம் கோயிலில் நானும் இருந்தேன். அர்ச்சனைக்குக் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

“விஸ்வநாதன். உத்திராடம்.” மாமா சற்று நிறுத்தினார். “ஃபெல்லோ.”

குருக்கள் அதையும் மந்திரத்தோடு மந்திரமாகச் சேர்த்துச் சொல்லிப் பூவைப் போட்டார். கற்பூர வெளிச்சத்தில் மாமா கண்ணை மூடியிருந்தார்.

அதற்கப்புறம் யாராவது என்னை ஒரு சொல் சொன்னால் உடனே முறைப்பதில்லை. என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று ஒருதரம் கேட்டுவிடுகிறேன். வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் பிறத்தியாருக்கும் சொல்லுங்கள். ஆனால் மரியாதைக்காக அந்தச் சொல்லை ‘டாக்டர்’ என்று மாற்றிவிடாதீர்கள். சுவாமி முன்னால் மாமா சொன்னது ஃபெல்லோதான்.